கன்ட்ரோலர் நம் கையில், கதை யார் கையில்? ஜப்பானிய ஆர்பிஜி கட்சீன்கள் பற்றி

மூன்றாம்_டிஸ்க் எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைனல் ஃபேன்டசி 6, 7, 10, டிராகன் குவெஸ்ட் 5 ஆகிய ஆர்பிஜிகளின் (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போய் விளையாடும் கேம்கள்) பெரிய திருப்பங்கள் எல்லாம் இந்த இழையில் அப்பட்டமாக வரும். இன்னும் விளையாடாதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். இழை எங்கேயும் ஓடிவிடாது.

வேறொரு இழையில் ஒரு நண்பர், ‘ஜப்பான்காரர்களின் ஆர்பிஜி என்பது நடுநடுவே சண்டை வரும் சினிமாதானே’ என்று எழுதியிருந்தார். நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு நாளாக அந்த வரி என்னை விடவில்லை. இந்த கேம்களோடு வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: நல்ல கட்சீன், அதாவது கேமின் நடுவே கதை சொல்ல வரும் காட்சி, சினிமா மாதிரி இருப்பதால் நல்லதாகிவிடுவதில்லை. எந்த நொடியில் ஆட்டத்தை நம் கையிலிருந்து வாங்குகிறது, எந்த நொடியில் திருப்பித் தருகிறது, அதில்தான் அதன் உயிரே இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். 1997-ல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7, முதல் டிஸ்க்கின் கடைசி. தண்ணீருக்கு நடுவே ஒரு மேடை. நம்மோடு பயணம் செய்த ஏரிஸ் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறாள். நாயகன் கிளவுடை நாம்தான் தூண் தூணாகத் தாண்டவைத்து அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். நிறுத்திய பிறகு நகர முடியாது. பொத்தானை அழுத்தினால் அவன் கை வாளுக்குப் போகிறது. இன்னும் அழுத்தினால் வாளை அவள் தலைக்கு மேலே ஓங்குகிறான். கூட வந்தவர்கள் கத்திய பிறகுதான் தன்னிலைக்கு வருகிறான். வேறொருவன் அவனை ஆட்டிவைக்கிறான் என்று கதை சொல்கிறது. சொல்லட்டும். பொத்தானை அழுத்தியது என் கட்டைவிரல். அன்றைக்கு நான் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், இனி எதையும் அழுத்த மாட்டேன் என்று.

அதற்கப்புறம்தான் வீடியோ. வில்லன் செஃபிரோத் மேலேயிருந்து இறங்குகிறான், வாள் பாய்கிறது, அவள் கூந்தலிலிருந்து வெள்ளை மட்டீரியா என்ற மந்திரக் கல் கழன்று படிப்படியாகத் துள்ளித் தண்ணீருக்குள் போகிறது. அது துள்ளும்போதே இசையமைப்பாளர் நொபுவோ உவெமட்சுவின் அந்த இசை தொடங்கிவிடுகிறது. வீடியோ முடிந்து கொஞ்ச நேரத்தில் ஜெனோவா என்ற அரக்கியோடு சண்டை. பாஸ் சண்டை, அதாவது பெரிய எதிரியோடு சண்டை என்றால் தடதடவென்று ஒரு இசை வர வேண்டும். வரவில்லை. ஏரிஸின் இசையே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இசையைக் கேட்டுக்கொண்டே ‘அட்டாக்’, ‘அட்டாக்’ என்று அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

வீடியோ மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு பெண் சாகிறாள், அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் நம் விரல் செய்த வேலை யூடியூபில் தெரியாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஸ்கிப்_எங்கே எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் நான் எதிர்க்கட்சி.

ஃபைனல் ஃபேன்டசி 10. யூனலெஸ்கா என்ற பாஸ். சண்டைக்கு முன்னால் எவ்வளவு பேச்சு! கதைக்கு அது முக்கியம்தான், நாயகி யூனா தன் நம்பிக்கையையே தூக்கி எறியும் இடம், மறுக்கவில்லை. முதல் தடவை பார்க்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்தச் சண்டையின் மூன்றாவது கட்டத்தில் மெகா டெத் என்று ஒன்றை வீசுவாள். உடம்பில் ஸோம்பி நிலை (நடைப்பிணமாக்கும் சாபம்) இல்லாதவர்கள் மொத்தமாகக் காலி. இது தெரியாமல் நான் செத்தேன். மறுபடி முழுப் பேச்சும். ஸ்கிப் கிடையாது. மறுபடி செத்தேன். மறுபடி முழுப் பேச்சும். நான்காவது முறை, அழவைத்த அதே வசனம் எனக்கு இரைச்சலாகிவிட்டது. அந்தக் காட்சியை எனக்குக் கெடுத்தது அந்த கேமேதான்.

கையிலிருந்து வாங்குவதுதான் கலை என்கிறீர்கள். வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இருந்தால்?

மூன்றாம்_டிஸ்க் எழுதியது:

தம்பி, யூனலெஸ்கா விஷயத்தில் உங்களோடு சண்டை போட என்னிடம் ஒன்றுமே இல்லை. தோற்றுத் திரும்பி வருபவருக்கு ஸ்கிப் கொடுத்தே ஆக வேண்டும். முதல் தடவைக்கும் ஐந்தாவது தடவைக்கும் ஒரே மரியாதையைக் காட்சி எதிர்பார்க்கக் கூடாது.

பழைய_கேட்ரிட்ஜ் எழுதியது:

வயதில் மூத்தவன், கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்சீன் என்றதும் எல்லோரும் 7-லிருந்து பேசுகிறீர்கள். பிசி எஞ்சின் என்ற கேம் கருவிக்கு சிடி ரோம் 1988 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 1989-ல் ஈஸ் என்ற ஆர்பிஜியின் 1, 2 இரண்டையும் சேர்த்து ஒரே சிடியில் போட்டார்கள். மனிதக் குரல், ஸ்டுடியோ இசை, அசையும் முகங்கள் எல்லாம் அதில் இருந்தன. 1993-ல் ஃபேன்டசி ஸ்டார் 4 சிடியே இல்லாமல், மாங்கா புத்தகத்தின் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் அடுக்கி முக்கியமான காட்சிகளைச் சொன்னது. ஜப்பானில் இதை ‘மூவி’ என்றும் ‘ஈவென்ட்’ என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது சொல்தான் பிடிக்கும். சம்பவம். படம் என்ற அர்த்தம் அதில் இல்லவே இல்லை.

நான் சொல்ல வந்தது ஃபைனல் ஃபேன்டசி 6 பற்றி. 1994. மொத்த கேமும் 24 மெகாபிட் கேட்ரிட்ஜ், அதாவது 3 மெகாபைட். இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பெரிதாக இருக்கலாம். சிடியில் சுமார் 650 மெகாபைட் இடம் என்றால் வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோ போட இடமே இல்லை. அதனால் என்ன செய்தார்கள்? ஓபரா காட்சியில் நம் அணியிலுள்ள செலஸ் என்ற பெண் மேடையேறுகிறாள். முன்னாடியே ஒப்பனை அறையில் பாட்டின் வரிகளைப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டியது நாம். மேடையில் அடுத்த வரி எது என்று நம்மைக் கேட்கிறது. தப்பாகச் சொன்னால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் நடனம், பூங்கொத்தை எடுத்துக்கொண்டு படியேறிப் போவது எல்லாம் நம் கையால்தான். குரல் என்று கேட்பது வாத்தியச் சத்தத்தை வைத்துச் செய்த ஒரு மாயம். அதைக் கேட்டு நான் பாட்டு என்றே நம்பினேன்.

ஆனால் ஓபராவை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமானது மீன்.

உலகமே உடைந்துபோய் ஒரு வருடம் கழித்து, ஆளில்லாத தீவில் செலஸ் கண்விழிக்கிறாள். பக்கத்தில் இருப்பது சிட் என்ற முதியவர் ஒருவர்தான். அவரைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பிக்கிறாள். அவருக்கு உடம்பு முடியவில்லை, சாப்பிட்டு நாளாயிற்று. கடற்கரைக்குப் போய் மீன் பிடித்து வந்து கொடுக்க வேண்டும். கரையில் வேகமாக ஓடும் மீனும் இருக்கும், மெதுவாக நகரும் மீனும் இருக்கும். மெதுவாக நகர்வதைப் பிடிப்பது சுலபம். நான் சுலபமானதையே பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இன்னும் மோசமானார். ஒருமுறை கட்டில் பக்கம் போய்ப் பேசினேன், பதில் வரவில்லை.

மெதுவான மீன் கெட்ட மீன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு வரும் காட்சி, செலஸ் பாறை உச்சிக்கு ஏறிப் போவது, முழுக்கத் தானாக நடக்கும். நான் தொட முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுவந்தது நான் பிடித்த மீன். நல்ல மீனாகக் கொடுத்திருந்தால் சிட் பிழைத்திருப்பார், அவரே படகைக் காட்டியிருப்பார் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் புதிதாகத் தொடங்கி, அந்தத் தீவு வரை வந்து, வேகமான மீனாகத் துரத்தித் துரத்திப் பிடித்தேன்.

போரோங்கோ எழுதியது:

ஐயா, மீன் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

நான் டிராகன் குவெஸ்ட் ஆள். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், ஐந்தாம் பாகத்தில் வரும் செல்லச் சிறுத்தைக்குட்டியின் பெயர் அது. அந்தத் தொடரில் நாயகன் வாயே திறக்க மாட்டான். கட்சீனுக்கு இலக்கணம் பேசும்போது டிராகன் குவெஸ்ட் 5-ஐ யாரும் சேர்ப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1992-ல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கருவியில் வந்தது. நான் விளையாடியது பிறகு வந்த நின்டெண்டோ டிஎஸ் பதிப்பு.

தொடக்கத்தில் நாம் சின்னப் பையன். அப்பா பேங்க்ராஸ் கூட வருவார். ஜப்பானில் அவர் பெயர் பாபாஸ். சண்டையில் அவருக்கு நாம் உத்தரவு போட முடியாது, அவரே பார்த்துக்கொள்வார். நாம் ஒரு அடி கொடுப்பதற்குள் அவர் இரண்டு அடி கொடுப்பார். சண்டை முடிந்ததும் நமக்கு அடிபட்டிருந்தால் நாம் கேட்காமலே மந்திரம் போட்டுக் குணமாக்குவார். ஒரு வசனம் கிடையாது, ஒரு வீடியோ கிடையாது. ‘இவர் இருக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற எண்ணம் மட்டும் சண்டைக்குச் சண்டை மனசில் ஊறிக்கொண்டே போகும். அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும் பிள்ளைக்கு வழி தெரிய வேண்டியதில்லை, அந்த மாதிரி.

அப்புறம் அந்த இடம். எதிரி நம்மைப் பிடித்துக் கழுத்தில் ஆயுதத்தை வைத்துவிடுகிறான். அப்பாவை இரண்டு அரக்கர்களிடம் விடுகிறான். வழக்கமான சண்டைத் திரைதான் வருகிறது. அதே எழுத்துப் பெட்டி. அரக்கர்கள் அடிக்கிறார்கள். அப்பாவின் முறை வருகிறது. அவர் எதுவும் செய்யாமல் தாங்கிக்கொண்டு நிற்கிறார். மறுபடி அடி. மறுபடி அவர் முறை. மறுபடி நிற்கிறார். எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஒரு திருப்பில் இரண்டு அடி அடிக்கக்கூடியவர் என்று நமக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததில்லை, பத்துப் பதினைந்து மணி நேரம்கூட ஆகவில்லை, நாமே பார்த்தோம். அவர் திருப்பி அடிக்காமல் நிற்பதற்குக் காரணம் நாம். இதைப் படமாக எடுத்திருந்தால் அழகான அனிமேஷனாக வந்திருக்கும், அழுதிருப்போம், சரி. ஆனால் அந்த எழுத்துப் பெட்டியில், அவர் முறை வந்து வீணாகப் போவதைப் பார்ப்பது வேறு வலி.

ஸ்கிப்_எங்கே எழுதியது:

அக்கா, இதற்கு எதிர்ப்பதிவு போட எனக்கு மனசே வரவில்லை.

கிலிகா_கரை எழுதியது:

எல்லோரும் வீடியோ இல்லாத காட்சிகளையே புகழ்கிறீர்கள். முழுக்க முழுக்கப் படமாக எடுத்த காட்சிக்கும் ஒருவர் பேச வேண்டாமா? நான் பேசுகிறேன்.

ஃபைனல் ஃபேன்டசி 10, லூகா நகரம். நாயகன் டீடஸும் யூனாவும் வலிந்து ‘ஹா ஹா ஹா’ என்று சிரிக்கும் காட்சி. இணையத்தில் இதை வெட்டி ஒட்டி, இதுதான் மோசமான குரல் நடிப்புக்கு உதாரணம் என்று வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வரும். அந்தப் பையனுக்கு அப்போதுதான் தன் அப்பாவைப் பற்றித் தாங்க முடியாத உண்மை தெரிந்திருக்கிறது. யூனா, மனசு உடைந்திருக்கும்போதும் சிரிக்கப் பழகச் சொல்கிறாள். அவன் முயற்சி செய்கிறான். செயற்கையாகத்தான் வரும், வர வேண்டும். கூட வந்தவர்கள் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். அப்புறம் இரண்டு பேரும் நிஜமாகவே சிரித்துவிடுகிறார்கள். அந்தப் பெண் ஏன் இவ்வளவு நன்றாகப் பொய்ச்சிரிப்பு பழகிவைத்திருக்கிறாள் என்பது நமக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

2001-ல் வந்த அந்த கேம்தான் முதன்மைத் தொடரில் முதன்முதலாகக் குரல் கொடுத்தது. அதுவரை எழுத்துப் பெட்டியில் நாமே மனசுக்குள் குரல் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் பேசியவர்கள் ஜப்பானிய வசனத்தின் நேரத்துக்குள், வாயசைவுக்குள் அடங்கிப் பேச வேண்டியிருந்தது. அதனால் சில இடங்களில் யூனா திக்கித் திக்கிப் பேசுவது போலிருக்கும். அதையும் குறை என்று சேர்த்துவிடுகிறார்கள்.

முடிவுக் காட்சியில் டீடஸ் மறையப் போகிறான். யூனா கடைசியாக ஜப்பானியத்தில் சொல்வது ‘அரிகதோ’. நன்றி. ஆங்கிலத்தில் அதை ‘ஐ லவ் யூ’ என்று மாற்றினார்கள். இது சரியா தப்பா என்று இன்றுவரை சண்டை. நான் யோசிப்பது வேறு: தமிழில் யூனா என்ன சொல்வாள்? நம் வீட்டில் நெருங்கியவர்களிடம் யாரும் நன்றி சொல்வதில்லை, சொன்னால் விலகிப் போனது மாதிரி இருக்கும். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று எழுதினால் வாயில் நிற்காது. வாசலில் நிற்பவரிடம் நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘போயிட்டு வா.’ திரும்பி வரவே முடியாதவனிடம் அதைச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். அந்த வாயசைவுக்குள் அடங்கியும்விடும்.

பழைய_கேட்ரிட்ஜ் எழுதியது:

‘போயிட்டு வா’. அம்மா, இதற்கு மேல் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

வீணைவால் எழுதியது:

மூன்றாம்_டிஸ்க் சொன்னதற்கு நேர் எதிரான சாட்சி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜீனோகியர்ஸ், 1998. முதல் டிஸ்க்கில் ஊர் ஊராகப் போகிறோம், ராட்சத இயந்திரங்களில் ஏறிச் சண்டை போடுகிறோம், உலகமே விரிகிறது. இரண்டாம் டிஸ்க் போட்டால், நாயகன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பிக்கிறான். எழுத்து, எழுத்து, எழுத்து. நடுவில் ஒரு சண்டை. மறுபடி எழுத்து. குறித்த காலத்துக்குள் முடிக்க முடியாமல் போனதால் எடுத்த முடிவு அது. கதை என்னவோ அபாரமானது. ஆனால் நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் அவன் போய்விட்டு வந்து என்னிடம் சொல்கிறான். கல்யாணத்துக்குப் போகாமல் ஆல்பம் மட்டும் பார்த்தது போல ஆகிவிட்டது.

ஜீனோகியர்ஸை இயக்கிய அதே டெட்சுயா டகாஹாஷி அடுத்து மோனோலித் சாஃப்டில் செய்த ஜீனோசாகாவின் முதல் பாகத்தில், 2002-ல், காட்சிகள் அவ்வளவு நீளம், நடுவில் சேவ் செய்துகொள்கிறாயா என்று அதுவே கேட்கும். ஆறு பாகமாகத் திட்டமிட்டது மூன்றோடு முடிந்தது. நான் அந்த கேமை இன்றும் நேசிக்கிறேன். ஆனால் மேஜை மேல் கன்ட்ரோலரை வைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஏரிஸ் காட்சியில் அது முடியாது.

மூன்றாம்_டிஸ்க் எழுதியது:

ஆல்பம் உவமையை நான் எடுத்துக்கொள்கிறேன், வீணைவால்.

ஆனால் எழுத்தே குற்றவாளி என்று ஆகிவிடக் கூடாது. 2007-ல், ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சியின் மிஸ்ட்வாக்கர் நிறுவனம் செய்த லாஸ்ட் ஒடிசியைப் பாருங்கள். ஆயிரம் வருடம் சாகாமல் வாழும் கைமின் நினைவுகள் வெறும் எழுத்தாகத் திரையில் வரும். எழுதியவர் கியோஷி ஷிகெமட்சு, ஜப்பானில் பெயர் பெற்ற எழுத்தாளர். முதல் கதையில் ஒரு விடுதிக்காரரின் மகள், படுத்த படுக்கை. கைம் ஒவ்வொரு முறை வரும்போதும் அவளுக்குப் பயணக் கதைகள் சொல்வான். படம் கிடையாது, பின்னணியில் மங்கலான நிறம், எழுத்து மெல்ல வந்து மெல்லப் போகும். அடுத்த பக்கத்துக்கு நாம்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் கதையின் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் அழுத்தாமலே இருந்தேன்.

ஸ்கிப்_எங்கே எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு ஃபைனல் ஃபேன்டசி 10-ன் பழைய சேவ் ஒன்றை எடுத்துக் கடைசிச் சண்டையை மறுபடி ஆடினேன்.

அங்கே டீடஸின் அப்பா ஜெக்டை வீழ்த்திய பிறகு ஒன்று நடக்கும், நினைவிருக்கிறதா? யூனா பயணம் முழுக்கச் சேர்த்த ஏயான்களை (அவள் அழைத்தால் வந்து நமக்காகச் சண்டை போடும் மாய உயிர்கள்) ஒவ்வொன்றாக நாமே அழைத்து, நாமே கொல்ல வேண்டும். எந்த வரிசையில் என்று தேர்ந்தெடுப்பதும் நாம்தான். நம் ஆட்கள் செத்தாலும் தானாக எழுந்துவிடுவார்கள், தோல்விக்கு வழியே வைக்கவில்லை. சவால் எதுவும் இல்லாத சண்டை. சிறுவயதில் இது எதற்கு இவ்வளவு சுலபம் என்று புரியாமல் வேகவேகமாக முடித்தேன். அந்த ஏயான்களுக்கு முதலில் கிடைத்தபோது பெயர் வைத்ததும் நான்தான். என் சேவில் முதல் ஏயானின் பெயர் என் தங்கச்சி வைத்தது, அவளுக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பெயர் எதிரியின் பெயராகத் திரையில் வந்தது.

இதற்கு ஸ்கிப் இருந்தாலும் அழுத்தியிருக்க மாட்டேன். ஆனாலும் ஸ்கிப் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, யூனலெஸ்காவை மன்னிக்கவும் இல்லை.

போரோங்கோ எழுதியது:

ஸ்கிப்பைவிட எனக்குக் காட்சியை நிறுத்திவைக்கும் பொத்தான்தான் உயிர், தம்பி. கைக்குழந்தை இருக்கும் வீடு. முக்கியமான வசனத்தின்போது சரியாக எழுந்து அழுவான். 2023-ல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 16-ல் காட்சியின் நடுவிலேயே நிறுத்தி, யார் யார், எந்த ஊர், என்ன பகை என்று பார்த்துக்கொள்ளலாம். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும் கதை அறுந்துபோகாது. இதை யோசித்துச் செய்தவர்களுக்கு என் வணக்கம்.

புது_ஆள்_07 எழுதியது:

வணக்கம். முதல் பதிவில் எச்சரிக்கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு நேராகக் கீழே வந்துவிட்டேன், நடுவில் எதையும் படிக்கவில்லை. ஃபைனல் ஃபேன்டசி 10 நேற்றுதான் தொடங்கினேன். பெசாய்ட் ஊரில் அந்தப் பெண் முதன்முதலாக ஒரு பெரிய பறவை மாதிரி ஒன்றை அழைத்தாள். அதற்குப் பெயர் வைக்கச் சொல்லித் திரை நிற்கிறது. இருக்கிற பெயரையே விட்டுவிடலாமா, இல்லை நானே வைக்கலாமா? கதைக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

மூன்றாம்_டிஸ்க் எழுதியது:

நீங்களே வையுங்கள். ரொம்பப் பிடித்த பெயராக யோசித்து வையுங்கள். அவசரமில்லை, அந்தத் திரை காத்திருக்கும்.

புது_ஆள்_07 எழுதியது:

வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு நாய்க்குட்டியின் பெயர்.